மாற்றுச் சேர்வர் இருந்தும் சம்பளம் தள்ளிப்போனது ஏன்?

ஏப்ரல் மாதத்தில் மலையகத்துப் பின்னேரங்கள் இடியோடுதான் முடியும். பருவக்காற்று மாறுகிற காலம் அது. காலையில் வெயில் காயும், மூன்று மணிக்கு மேல் மலை இருளும், நாலு மணிக்கெல்லாம் மின்னல் வெட்டும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு ஏப்ரல் 9ஆம் திகதி மாலையில், ஹட்டனிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு தோட்டத்து ஆபீஸில், எல்லாக் கணக்கையும் வைத்திருக்கும் மையக் கணினியான சேர்வர் எரிந்துபோனது. மறுநாள் சம்பள நாள். அதற்கு நாலாம் நாள் சித்திரைப் புத்தாண்டு. பிள்ளைகளின் புதுத்துணி, கடைக்காரரின் கடன் கொப்பி, கோயில் வரி எல்லாம் அந்தச் சம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த ஆபீஸில் மாற்றுச் சேர்வரும் இருந்தது. பக்கத்து அறையில், மேசைக்கடியில், பச்சை விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மின்னல் எந்தக் கேடும் செய்யவில்லை. அப்படியிருந்தும் சம்பளம் 12ஆம் திகதி மாலையில்தான் கைக்கு வந்தது. கணினி பழுதுபார்க்கிறவன் என்ற முறையில் அந்த நாள்கள் முழுவதும் நான் அங்கே இருந்தேன். ஒரு இயந்திரம் படுத்ததும் இன்னொன்று எழுந்து நிற்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதை விளக்க, எனக்கு அந்த மேசையடிச் சேர்வரைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

ஒரு மலையின் கங்காணிக்குச் சுகமில்லை என்றால் பதிலுக்கு இன்னொருவரை அனுப்புவார்கள். வருகிறவர் திடகாத்திரமான ஆளாக இருந்தால் மட்டும் போதுமா? நேற்றுவரை யாருக்கு எத்தனை ‘பேர்’, அதாவது எத்தனை நாள் வேலை, விழுந்திருக்கிறது என்ற கணக்கு அவர் கையில் இருக்க வேண்டும். வேலை சொல்ல அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். இன்றைக்கு இவர்தான் கங்காணி என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்த ஆள்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைய வேலை நடக்காது. சேர்வர் மாற்றமும் அப்படித்தான். தரவு, அதிகாரம், முகவரி என்ற மூன்றும் சேர்ந்தே இடம் மாற வேண்டும்.

அந்த ஆபீஸில் மூன்றுமே குறைந்திருந்தன. ஒவ்வோர் இரவும் தரவு தானாக மாற்றுச் சேர்வருக்கு நகலாகும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். மார்ச் 21ஆம் திகதி இரவு மாற்றுச் சேர்வரின் ஹார்ட் டிஸ்க் நிரம்பி நகல் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்ற செய்தியை இயந்திரம் இரவுதோறும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் செய்தி போன மின்னஞ்சல் முகவரியோ, இடமாற்றம் பெற்றுப் போய்விட்ட ஒரு கிளாக்கருடையது. இரண்டாவது, மாற்றுச் சேர்வருக்குப் பொறுப்பைக் கொடுக்கும் கடவுச்சொல்லும் அவருக்கு மட்டும்தான் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவரைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் கேட்டோம். மூன்றாவது, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் மின்தராசுகளுக்கும் சம்பளக் கணக்குப் போடும் கணினிகளுக்கும் எரிந்துபோன சேர்வரின் முகவரி மட்டும்தான் தெரியும். புதியது விழித்திருந்தாலும் அதனிடம் வந்து பேச ஆளில்லை.

இந்தத் துறையில் இருப்பவர்கள் எந்த ஏற்பாட்டுக்கும் முன்னால் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். பழுது நேர்ந்தால் எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கத் தாங்குவீர்கள்? எவ்வளவு நேரம் வேலை நின்றுகிடக்கத் தாங்குவீர்கள்? இரண்டுக்கும் விடை இடத்துக்கு இடம் மாறும். வங்கியின் பணம் எடுக்கும் இயந்திரத்தில் ஒரு கொடுக்கல் வாங்கலைக்கூட இழக்க முடியாது. ஆஸ்பத்திரியின் மருந்துப் பதிவேடு ஒரு மணி நேரம் நின்றாலும் ஆபத்து. தோட்டத்து ஆபீஸுக்கு விடை ஒன்றாகவே இருப்பதில்லை, திகதியைப் பொறுத்து மாறுகிறது. மாத நடுவில் மூன்று நாள் நின்றாலும் சமாளித்துவிடலாம். 9ஆம் திகதி மாலையில் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. ஏற்பாடு செய்தவர்கள் மாத நடுவை மனதில் வைத்துத்தான் செய்திருந்தார்கள்.

நகல் எடுப்பதிலும் வகைகள் உண்டு. மடுவத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கணக்கப்பிள்ளை கூடையைத் தூக்கி மாட்டி, நிறையைச் சத்தமாகச் சொல்லி எழுதுகிறார். ஆள் தன் துண்டிலும் அதே எண் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு நகர்கிறாள். இரண்டு இடத்திலும் எழுதிய பிறகுதான் அடுத்த கூடை. இப்படி ஒவ்வொரு பதிவும் இரண்டு சேர்வரிலும் விழுந்த பிறகே வேலை நகர்வது ஒரு முறை. எதுவும் தொலையாது, ஆனால் வரிசை மெதுவாகத்தான் நகரும். இரண்டாவது சேர்வர் கொழும்பில் இருந்து, இடையில் இணைப்பு அறுந்தால் வரிசையே நின்றுவிடும். இன்னொரு முறையில், கணக்கப்பிள்ளை விறுவிறுவென்று எழுதிக்கொண்டு போவார், பெயர்த்தெழுதுகிறவர் சற்றுப் பின்னால் வருவார். இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. அறுந்த நேரத்தில் முதல் சேர்வரும் அழிந்துபோனால், பின்தங்கியிருந்த சில நிமிடப் பதிவுகள் போய்விடும். மலையகத்து இணைப்புகளுக்கு இந்த இரண்டாம் முறையே பொருந்தும் என்பது என் அனுபவம். இரவுக்கு ஒருமுறை நகல் எடுப்பது மூன்றாவது முறை. ஒரு நாள் பதிவுகளை இழக்கத் தயார் என்று ஒப்புக்கொண்டு செய்வது அது. அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் பத்தொன்பது நாளானது.

பத்தொன்பது நாள் கணக்கையும் தாளிலிருந்துதான் மீட்டோம். நல்லவேளையாக, மின்தராசு வந்த பிறகும் கணக்கப்பிள்ளைமார் கைக் கொப்பியில் எழுதுவதை விடவில்லை. மழையில் நனைந்து காய்ந்த கொப்பிகள் அவை. கொழுந்துக் கறை படிந்து ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்களை ஒரு கத்தியின் முதுகால் பிரித்தோம். டிவிஷனுக்கு ஒருவராக உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சுச் செய்தார்கள். முழுப்பேர், அரைப்பேர், மேலதிகக் கிலோ. ஓரிடத்தில் 7 போலவும் 1 போலவும் ஓர் எண் இருந்தது. ‘அந்தப் பிள்ளை அன்றைக்குக் காய்ச்சலோடு வந்தது, பதினேழு எடுத்திருக்காது, பதினொன்றுதான்’ என்றார் கணக்கப்பிள்ளை. பிறகு அவருக்கே மனம் ஒப்பவில்லை. எழுந்து லயத்துக்குப் போய், அந்தப் பெண்ணிடமிருந்த துண்டைப் பார்த்துவிட்டு வந்தார். பதினேழுதான்.

ஆறு கிலோதானே என்று யாராவது நினைக்கக்கூடும். செக்ரோல் என்கிற வேலைநாள் பதிவேட்டில் விழும் ஒவ்வொரு பேரும் அந்த மாதச் சம்பளத்தோடு முடிவதில்லை. அதை வைத்துத்தான் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் தொழில் தருநரின் 12 வீதமும் கணக்காகின்றன. நாள்கூலிக்காரர் ஐந்து ஆண்டாவது வேலை செய்துவிட்டு நிற்கும்போது, ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் என்று பணிக்கொடை தர வேண்டும் என்பது சட்டம். எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதற்குச் சான்று அந்த ஆபீஸில் இருக்கும் பதிவுதான். முப்பது ஆண்டு மலை ஏறி இறங்கிய ஒரு பெண்ணின் உழைப்பு முழுவதும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அதற்கு ஒழுங்கான நகல் இல்லை என்றால் நட்டம் கம்பனிக்கு மட்டும் என்று சொல்ல என்னால் முடியாது.

சரி, மனிதர் கை படாமல் தானாகவே மாறிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்துவிட்டால் என்ன? தாராளமாகச் செய்யலாம், பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. இரண்டு சேர்வர்களும் சில நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். முதலாவதன் குரல் நின்றால் இரண்டாவது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. குரல் கேட்கவில்லை என்றால் ஆள் இறந்துவிட்டார் என்று பொருளா? இடையில் இருக்கிற கம்பி அறுந்திருக்கலாம். மூடுபனிக்காலத்தில் ஒரு மரக்கிளை கம்பியில் சாய்ந்து, பத்து நொடி இணைப்பு போய்த் திரும்பி வருவது எங்கள் பக்கத்தில் நாள்தோறும் நடப்பது. குரல் நின்ற ஐந்தாம் நொடியிலேயே மாறினால், காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் சேர்வர் மாறும். பத்து நிமிடம் பொறுத்தால், உண்மையான பழுதின்போதும் பத்து நிமிடம் வீணாகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கம்பிதான் அறுந்தது, முதல் சேர்வர் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறது, இரண்டாவதும் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒரே மலைக்கு இரண்டு கணக்கப்பிள்ளைமார், இரண்டு செக்ரோல். காலை நிறுவை ஒன்றிலும் பகல் நிறுவை மற்றதிலும் விழுகிறது. மாலையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் எதுவும் பொருந்தாது, எதையும் கிழித்துப்போடவும் முடியாது, ஏனென்றால் இரண்டிலும் உண்மையான கணக்கு இருக்கிறது.

இது உலகப் பெரிய நிறுவனத்துக்கே நடந்தது. 2018 அக்டோபர் 21ஆம் திகதி, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில், பழுதான ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான வேலை நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்த அவர்களின் தரவு மையத்தோடு இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. அந்த 43 நொடிக்குள் தானியங்கி ஏற்பாடு தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. இணைப்பு திரும்பியபோது, இரண்டு கரைகளிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தி வழமைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடங்கள் பிடித்தன. வேகமாகத் திரும்புவதைவிடப் பயனரின் தரவு சிதையாமல் இருப்பதே முக்கியம் என்று அவர்கள் முடிவெடுத்ததால்தான் அவ்வளவு நேரமானது. நான் அந்த முடிவை மதிக்கிறேன். புத்தாண்டு நெருங்கியிருந்தும் ஒரு 7க்காக லயத்துக்கு நடந்த கணக்கப்பிள்ளை செய்ததும் அதைத்தான்.

இரட்டைத் தலைமையைத் தவிர்க்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. மூன்றாவதாக ஒரு சாட்சியை வேறிடத்தில் வைப்பது ஒன்று. மூவரில் இருவர் ஒத்துக்கொண்டால்தான் தலைமை மாறும், தனித்துப்போனவர் தானாகவே கையை எடுத்துக்கொள்வார். சாட்சிக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை, சிறிய பெட்டி ஒன்று போதும். மற்ற வழி, புதியது பொறுப்பேற்கும் முன் பழையதன் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவது. இருக்கிறதா இல்லையா என்று ஊகித்துக்கொண்டிருக்காமல், இல்லாமல் ஆக்கிவிட்டு வேலையைத் தொடங்குவது. சிறிய ஆபீஸ்களில் நான் சொல்வது இதைத்தான்: மாற்றுச் சேர்வரைத் தொடும் முன் பழையதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது என்பதுதான் மலையகத்துக்கே உரிய கேள்வி. பக்கத்து அறையில் இருக்கும் மாற்றுச் சேர்வர் ஓர் இயந்திரக் கோளாறுக்கு உதவும். தீக்கோ மண்சரிவுக்கோ உதவாது. ஆபீஸும் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையும் ஒரே சரிவில்தான் இருக்கின்றன. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை எங்கள் மக்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபோது, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் மலை மிகுதியாகச் சரிந்தது. வீதியும் ரயில் பாதையும் மின்கம்பியும் தொலைபேசியும் ஒன்றாக அறுந்தன.

அந்த ‘ஒன்றாக’ என்ற சொல்தான் இங்கே கவனிக்க வேண்டியது. இரண்டு வெவ்வேறு கம்பனிகளிடம் இணைய இணைப்பு வாங்கியிருக்கிறோம், ஒன்று போனால் மற்றது இருக்கும் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கம்பியின் வழியே நடந்து பார்த்தால், இரண்டும் ஒரே வீதியோரம், சில இடங்களில் ஒரே கம்பத்தில் போகின்றன. மலையில் வீதி ஒன்றுதான், ஆகவே கம்பம் நடும் இடமும் ஒன்றுதான். ஒரு மண்மேடு சரிந்தால் இரண்டும் போகும். கைத்தொலைபேசிக் கோபுரம் வேறு வழிதானே என்றால், மின்சாரம் போனதும் அது மின்கலத்தில் ஓடும், மின்கலம் தீர்ந்தால் ஜெனரேட்டரில் ஓடும், ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டியதும் அதே வீதியால்தான். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கையில் தொடங்கியது. வசதியுள்ள இடங்களில் அது உண்மையிலேயே வேறு வழி. மற்ற இடங்களில், இணைப்பே இல்லாமல் சில நாள் ஓடக்கூடிய ஒரு முழுமையான சேர்வர் தோட்டத்திலும், இணைப்பு இருக்கும்போதெல்லாம் வெளியே போய்ச் சேரும் நகல் ஒன்று வேறு மாவட்டத்திலும் இருக்க வேண்டும்.

வெளியே நகல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சான்று. 2025 செப்டம்பர் 26ஆம் திகதி, தேஜோன் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலங்களை இடம் மாற்றும்போது தீப்பிடித்து 600க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. பல மெல்ல மீண்டன. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகம் மட்டும் மீளவில்லை. அளவு பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளி நகலே எடுக்காமல் விட்டிருந்தார்கள்.

நம் நாட்டின் அனுபவம் வேறு மாதிரி. 2023 ஆகஸ்டில், அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்களை வைத்திருந்த லங்கா அரச முகில் என்ற கணினி ஏற்பாட்டை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் நிரல் தாக்கியது. மின்னஞ்சல் சேவையை விரைவிலேயே மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. இணைப்பில் இருந்த நகலும் தாக்குதலில் பூட்டப்பட்டதும், இணைப்பு அறுத்து வைத்த நகல் அந்தக் காலத்துக்கு இல்லாமற்போனதுமே காரணம். மாற்றுச் சேர்வர் முதலாவதைப் பார்த்து அப்படியே செய்வது. முதலாவதில் ஒன்று அழிந்தால் அதுவும் அழிக்கும், முதலாவதில் நஞ்சு ஏறினால் அதிலும் ஏறும். அதனால் மாற்றுச் சேர்வர் இருப்பவருக்கும் தனியே ஒரு நகல் வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதியோடு, ஒன்று எந்தக் கம்பியிலும் மாட்டாமல் அலுமாரிக்குள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை போன மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதையும் எல்லோரும் அறிவார்கள். மின்சாரம் போனதும் சற்று நேரம் கைகொடுக்கும் யூபிஎஸ் கருவியின் மின்கலத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். சேர்வருக்கு நல்ல புவித்தொடுப்பும் மின்னல் காப்பும் போடுங்கள். அந்த ஏப்ரல் மாலையில் அவை இருந்திருந்தால் நான் இதை எழுத நேர்ந்திருக்காது.

ஒத்திகையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் யாரும் செய்வதில்லை. 2017 ஜனவரி 31ஆம் திகதி, கிட்ஹப் போலவே நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், மாற்றுச் சேர்வரில் அழிக்க வேண்டியதை முதல் சேர்வரில் அழித்துவிட்டார். நகலிலிருந்து மீட்கலாம் என்று போனால், இரவு நகல் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் தள்ளுபடியாகியிருந்தன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த படியொன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. இதைப் பற்றி அவர்கள் வெளியிட்ட அறிக்கையை வாசித்தபோது எங்கள் தோட்டத்துக் கிளாக்கரின் பழைய மின்னஞ்சல் முகவரி என் கண்முன் வந்து நின்றது.

நகல் எடுக்கப்படுகிறது என்று இயந்திரம் சொல்வதை நம்பாமல், மாதம் ஒருமுறை நகலைத் திறந்து நேற்றைய கொழுந்துக் கணக்கு அதில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஆண்டில் இரண்டு மூன்று முறையாவது, நல்ல நாளில், வேலையை முழுவதுமாக மாற்றுச் சேர்வருக்குக் கொண்டுபோய் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்பி வருவதையும் சேர்த்தே பழக வேண்டும். போவதைவிடத் திரும்புவது கடினம். மாற்றுச் சேர்வரில் எழுதிய புதிய கணக்கு பழையதுக்குப் போய்ச் சேரும் முன்பே அவசரப்பட்டுப் பழையதை இயக்கி, இரண்டு நாள் வேலையைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யார் முடிவெடுப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அன்று மாலை ஆறு மணிக்கே பெரிய கிளாக்கருக்கு நிலைமை விளங்கிவிட்டது. ஆனால் கொழும்பு அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் மாற்றுச் சேர்வரைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. தொலைபேசி இணைப்பும் இடியில் போயிருந்தது. சமிக்ஞை கிடைக்கும் மேட்டுக்கு நடந்துபோய், மழையில் நின்று, தொடர்பு கிடைக்கும்போது எட்டு மணி. அனுமதி தர வேண்டியவர் விடுமுறையில் இருந்தார். இருபது ஆண்டு அந்த மேசையில் உட்கார்ந்தவருக்குத் தெரியாத எதைக் கொழும்பிலுள்ளவர் தெரிந்துகொண்டு அனுமதி கொடுக்கப்போகிறார்? அரை மணி நேரத்தில் சேர்வர் எழவில்லை என்றால் தோட்டத்திலுள்ளவரே மாற்றலாம், மாற்றியதற்காக யாரும் அவரைக் கேள்வி கேட்கக்கூடாது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அப்போதே சொன்னேன். எழுதிக் கொடுக்க ஏழு மாதமானது.

இப்போது அந்த ஆபீஸில் கடவுச்சொல் முத்திரையிட்ட உறைக்குள் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மின்தராசுகள் சேர்வரின் முகவரி எண்ணைக் கேட்காமல் அதன் பெயரைக் கேட்கின்றன. பெயர் எந்த இயந்திரத்தைக் குறிக்கும் என்பதை ஓரிடத்தில் மாற்றினால் போதும். நகல் நின்றால் செய்தி மூன்று பேருக்குப் போகிறது. கடந்த ஐப்பசியில் ஒரு மாலை, இடியின் நடுவே பெரிய கிளாக்கர் தொலைபேசியில் அழைத்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறத் தயாரானேன். “வர வேண்டாம் தம்பி, மாற்றியாயிற்று, நாற்பது நிமிடம் பிடித்தது. பழையதன் பிளக் என் கையில்தான் இருக்கிறது. நாளைக்கு வெயில் வந்ததும் வந்து பார்த்தால் போதும்” என்றார்.